களத்துக்குப் போகுமுன் மனைவிக்கு எழுதி வைக்கும் கடிதம்: வரிசைப்படி முழு வழிகாட்டி

களத்துக்குக் கிளம்பச் சொல்லும் மூவ் ஆர்டர் வந்து, கிட் கட்டி முடித்த இரவில், டார்ச் வெளிச்சத்தில் அவசரமாக எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. "தைரியமாக இரு. பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை. அம்மாவைப் பார்த்துக்கொள்." மனதில் இருந்ததில் கால்பங்குகூடத் தாளில் இறங்குவதில்லை. அதே தாளின் ஓரத்தில் பேங்க் கணக்கு எண்ணும், யாருக்கோ தர வேண்டிய இருபதாயிரமும் நெருக்கி எழுதியிருக்கும்.

நீலகிரியில் வெலிங்டன், குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து படையில் இருக்கும் தம்பிகளுக்காக எழுதியது இது. நீங்கள் திரும்பாவிட்டால் மனைவி படிக்க வேண்டிய கடிதம் வேறு, கணக்குத் தாள் வேறு, உயில் வேறு. மூன்றையும் தனித்தனியாக, இதே வரிசையைத் தலைகீழாக்கிச் செய்ய வேண்டும்: முதலில் ஆவணமும் உயிலும், அடுத்து கணக்குத் தாள், கடைசியில்தான் கடிதம். பணக் கவலை தாளில் இறங்கிய பிறகுதான் மனைவியோடு பேசுவதற்கு மனம் திறக்கும்.

"இப்படி எழுதுவதே அச்சானியம்" என்று வீட்டில் சொல்வார்கள். ஹெல்மெட் மாட்டுவதால் யாருக்கும் குண்டு படுவதில்லை, இதுவும் அப்படித்தான். பெரும்பாலான வீரர்கள் திரும்பி வந்து, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவைத்த தங்கள் கடித உறையைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

1. எப்போது தொடங்குவது

கடைசி லீவில் தொடங்குங்கள். ஆதார், பாஸ்புக், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன. யூனிட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் ஒரு எண் மாறும், ஒரு கடன் விட்டுப்போகும்.

லீவின் முதல் வாரத்தில் ஆவண வேலையை முடித்துவிடுங்கள். தாலுகா ஆபீஸுக்கும் பேங்க்குக்கும் இரண்டு முறையாவது நடக்க வேண்டிவரும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் ரோட்டில் மண் சரிந்து ஒரு நாள் வீணாகும். கடிதத்துக்கு மூன்று தனித்தனி நாள் ஒதுக்குங்கள்: ஒரு நாள் குறிப்பு, ஒரு நாள் வரைவு, ஒரு நாள் நல்ல பிரதி. ஒரே மூச்சில் எழுதினால் அழுகையோ வீராவேசமோ இரண்டில் ஒன்று முந்திக்கொள்ளும். மறுநாள் படிக்கும்போது உங்களுக்கே அது உங்கள் குரலாகத் தெரியாது.

2. முதல் வேலை: பெயர்கள் ஒத்துப்போகின்றனவா

கல்யாணம், குழந்தைப் பிறப்பு இரண்டும் யூனிட் வழியாக பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப, பணி மாற்றங்களைப் பதியும் உத்தரவு) ஏறியிருக்க வேண்டும். அதில் ஏறாத மனைவியும் குழந்தையும் வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸின் கண்ணில் இல்லாதவர்கள். உங்கள் குடும்பத்தார் பட்டியலான கின்ட்ரட் ரோலில் என்ன இருக்கிறது என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்டு, கண்ணால் பார்த்துவிடுங்கள். "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ரெக்கார்டு ஆபீஸ் வெலிங்டனிலேயே இருப்பதால், இந்த மலைக்காரர்கள் சந்தேகம் கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேறு ரெஜிமென்ட், வேறு கோர் என்றால் அதன் ரெக்கார்டு ஆபீஸ் முகவரியைச் சரியாக எழுதி வையுங்கள்.

தமிழ் வீடுகளில் அதிகம் சிக்குவது இனிஷியல். கல்யாணத்துக்கு முன் எடுத்த சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை, ராணுவப் பதிவில் எழுத்துக்கூட்டு வேறு. ஆள் ஒன்று, பெயர் நான்கு. பிறகு ஓய்வூதியம் வாங்கப் போகிறவர் ஒவ்வொரு மேஜையிலும் "இது நான்தான்" என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். நீங்கள் இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு விண்ணப்பத்தோடு போகும். ராணுவப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டையே அளவாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். பதிவிலேயே பிழை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து நாமினேஷன். ராணுவக் குழுக் காப்பீடான ஏ.ஜி.ஐ.எஃப்., பி.எஃப்., பேங்க், எல்.ஐ.சி., போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு எல்லாவற்றிலும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலருக்கு அம்மா பெயரோ அப்பா பெயரோதான் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று நினைத்தால், சதவீதம் போட்டு இருவரையும் எழுதுங்கள். "அவர்களே பேசிப் பிரித்துக்கொள்வார்கள்" என்று விடுவது மாமியாரையும் மருமகளையும் எதிரெதிரே நிறுத்துவதில் போய் முடிகிறது. அதன் பிறகு எவ்வளவு அன்பான கடிதமும் அந்தச் சண்டையைத் தீர்க்காது.

சம்பளக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றுங்கள். படையில் இருப்பவர்களுக்கென்று பேங்க் தரும் டிஃபென்ஸ் சேலரி பேக்கேஜ் கணக்காக இருந்தால் அதோடு விபத்துக் காப்பீடும் சேர்ந்து வரும். அது இருப்பதே தெரியாததால் கேட்காமல் விடும் குடும்பங்கள் உண்டு. பேங்க்கில் கேட்டு, என்ன தொகை, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

3. உயிலை உயிலாக எழுதுங்கள்

"கடிதத்திலேயே வீடு உனக்கு என்று எழுதிவிட்டேன், போதும்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. போதாது. போரில் ஈடுபட்டிருக்கும் வீரர் சாட்சி இல்லாமலே, சில சமயம் வாய்மொழியாகவே உயில் சொல்ல இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இடம் தருகிறது (பிரிவு 65, 66). ஆனால் அந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் என்று சொல்லும் மூன்றாம் அட்டவணையில் இந்த இரண்டும் இல்லை. அந்தச் சலுகையை நம்பி வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப்போவது ஆபத்து.

சாதாரண முறையே பத்திரமானது. என்ன சொத்து, யாருக்கு என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்க நீங்கள் கையெழுத்திட்டு, உங்கள் முன்னால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சியாக வருபவருக்கு அந்த உயிலில் எந்தப் பங்கும் இருக்கக் கூடாது. உங்களைவிட இளையவர்களாக, ஊரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். எழுபது வயதுப் பெரியவரைச் சாட்சி வைத்தால் தேவைப்படும் நாளில் அவர் இல்லாமல் போகலாம். பதிவு செய்வது கட்டாயமில்லை; ஆனால் லீவில் ஒரு நாள் செலவழித்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், "இது அவன் கையெழுத்தே இல்லை" என்ற பேச்சு எழாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் பட்டா இல்லாத பிரிவு 17 நிலத்தில் (கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வருவது) வீடு இருந்தால், உயிலில் எழுதுவதால் மட்டும் உரிமை வந்துவிடாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, அனுபவத்தைக் காட்டும் பழைய தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வையுங்கள்.

4. கணக்குத் தாள்

இது ஒளித்துவைக்கும் தாள் அல்ல. லீவிலேயே மனைவியோடு உட்கார்ந்து எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் தேட முடியாது. இருக்க வேண்டியவை:

உங்கள் சர்வீஸ் எண், ரேங்க், பதிவில் உள்ளபடி பெயர், யூனிட்டின் பெயர், ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலைய) முகவரியும் பின்கோடும் (ராணுவப் பின்கோடு 9-இல் தொடங்கும், ஒரு இலக்கம் பிசகினாலும் கடிதம் வேறு யூனிட்டுக்குப் போய்த் திரும்பும்). ரெக்கார்டு ஆபீஸ் முகவரி. ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம். குடும்பத்துக்கு வர வேண்டிய உதவிகளுக்கு ஊரில் முதலில் ஏறவேண்டிய படி அதுதான். யூனிட்டில் தமிழ் பேசும் இரண்டு பேரின் பெயரும் எண்ணும். ஒருவர் போதாது; அவரும் உங்களோடு அதே களத்தில் இருப்பார்.

பேங்க், காப்பீடு, சீட்டு, நகைக்கடன். அடகுச் சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுவரை எழுதுங்கள்.

கைமாற்று. இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதியில் வாங்கியது, பாதி கொடுத்தாயிற்றா. கடைசியில் "இவை தவிர வேறு கடன் எனக்கு இல்லை" என்று ஒரு வரி எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். துக்க வீட்டுக்கு வந்து "தம்பி என்கிட்ட ஐம்பதாயிரம் வாங்கியிருந்தான்" என்று சொல்பவருக்கு மனைவி காட்டக்கூடிய ஒரே பதில் அந்த வரி.

தேயிலை இருந்தால் அதற்குத் தனியாக நாலு வரி. பச்சைத் தேயிலை எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது, உறுப்பினர் எண் என்ன, பணம் யார் கணக்கில் ஏறுகிறது, உரக்கடன் நிலுவை எவ்வளவு, எந்தப் பாத்தி எந்த வருடம் கவாத்து வெட்டியது, அடுத்த கவாத்து எப்போது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் இந்தக் கணக்கு வேறு யாரிடமும் இருக்காது. உறுப்பினர் கணக்கு அப்பா பெயரில் ஓடுகிறதென்றால் அதையும் எழுதுங்கள். அந்தப் பணத்தை மனைவி நேரடியாக எடுக்க முடியாது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஏ.டி.எம். ரகசிய எண்ணை இந்தத் தாளில் எழுதாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

5. தாளும் பேனாவும்

ஜூனிலிருந்து நவம்பர்வரை இந்த மலையில் காகிதம் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஜெல் பேனாவும் மை பேனாவும் வேண்டாம். ஈரம் பட்டால் எழுத்து ஊறிப் பரவும். சாதாரண நீல அல்லது கறுப்பு பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய் சேர்ந்தது, அசையாது. தாளின் கனம் 80 ஜி.எஸ்.எம்.-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். பலமுறை மடித்துப் பிரிக்கப்போகும் தாள் இது. இரு பக்கமும் எழுதினால் மடிப்பில் இரண்டு பக்க எழுத்தும் சேர்ந்து தேயும்.

கையால் எழுதுங்கள். டைப் செய்த கடிதத்தில் உங்கள் கை இல்லை. எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்கும்படி இருந்தால் போதும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த மனைவிக்குக் கூட்டெழுத்துத் தமிழ் தடுமாறும் என்றால் எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதுங்கள். வீட்டில் படுகு மொழி பேசுகிறவர்கள் தமிழ் எழுத்தில் படுகிலேயே எழுதலாம். வீட்டுப் பேச்சில் எழுதிய கடிதத்துக்கு ஈடில்லை.

மனைவிக்குப் படிக்கத் தெரியாதென்றால், படித்துச் சொல்லப்போவது யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மாமனார் படித்துச் சொல்லும் கடிதத்தில் எழுத முடியாத சொற்கள் உண்டு. மனைவியின் அக்காவோ தங்கையோ படித்தால் நல்லது. அந்த நிலையில் மூன்று நான்கு நிமிடம் குரலைப் பதிந்து பென் டிரைவில் போட்டு உறைக்குள் வைப்பது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். போன் உடைந்தால் குரலும் போய்விடும்.

6. முதல் நாள்: குறிப்பு மட்டும்

கடிதத்தைத் தொடங்காதீர்கள். ஒரு தாளில் இவற்றை மட்டும் துண்டு துண்டாக எழுதுங்கள்: மனைவி செய்ததில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத மூன்று விஷயங்கள்; நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒன்று; இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சிரிப்பு; அவரை எந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது.

இப்படித் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் தாளில் "அன்புள்ள" என்று தொடங்கியதும் கை தானாகப் பழைய கடிதத் தமிழுக்குப் போய்விடும். குறிப்பு முன்னால் இருந்தால் கை அதைப் பார்த்து நடக்கும்.

குறிப்பு எழுதும்போது மனம் வேறு பக்கம் சாய்ந்து, "திரும்பாமல் இருந்தாலே எல்லாருக்கும் நல்லது" என்று தோன்றினால் பேனாவை வைத்துவிடுங்கள். அது இந்தக் கடிதத்தின் வேலை இல்லை. சுபேதார் சாப், யூனிட் டாக்டர், நம்பும் ஒரு நண்பர், யாரிடமாவது அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

7. இரண்டாம் நாள்: கடிதத்தின் வரிசை

மொத்தம் இரண்டிலிருந்து நான்கு பக்கம். அதற்கு மேல் எழுதினால் சொன்னதையே சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

முதல் வரி. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்காதீர்கள். பழக்கத்தில் வருகிற அந்த வரி, இந்தக் கடிதம் திறக்கப்படும் நாளில் படிப்பவரை முதல் நொடியிலேயே அறுத்துவிடும். "நீ இதைப் படிக்கும்போது நான் உயிரோடு இருக்கமாட்டேன்" என்பதும் வேண்டாம். அது அவருக்குத் தெரிந்துதான் உறையைப் பிரிக்கிறார். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டுத் தொடங்குங்கள். "ஏ புள்ள" என்றால் "ஏ புள்ள". "பாப்பாம்மா" என்றால் அதுவே. போனில் பேசாத மரியாதைத் தமிழைத் தாளில் கொண்டுவந்தால், எழுதியது யாரோ என்று தோன்றும்.

இரண்டாவது, எங்கே எப்போது எழுதுகிறீர்கள் என்பது. இடப்பெயர் இல்லாமல், சுற்றியிருப்பதை மட்டும் இரண்டு வரி. வீட்டிலேயே எழுதுகிறீர்கள் என்றால், அவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதுங்கள். பிறகு படிக்கும்போது, எந்த நாள் இது என்று அவருக்கே நினைவு வரும்.

மூன்றாவது, நன்றி. கடிதத்தின் பாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் பொதுவாக எழுதிவிட்டு நகர்கிறார்கள். வழக்கமாக வருவது இது:

"நீ எனக்காக எவ்வளவோ கஷ்டப்பட்டாய். உன்னைப் போல் மனைவி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்."

இதையே இப்படி எழுதலாம்:

"போன ஜனவரியில் உறைபனி விழுந்த அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். விடிந்ததும் போன் போட்டு, ‘சளிதான், பயப்பட ஒண்ணுமில்ல’ என்று மட்டும் சொன்னாய். ராத்திரி கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நீ ஆஸ்பத்திரிக்கு ஓடியது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ அதை மறைத்ததால்தான் அந்த வாரம் முழுக்க நான் டூட்டியில் தடுமாறாமல் நின்றேன்."

முதலாவதை எந்த வீரரும் எந்த மனைவிக்கும் எழுதலாம். இரண்டாவதில் ஒரு நாள் இருக்கிறது, அவர் செய்த காரியம் இருக்கிறது, அவர் வாயிலிருந்து வந்த சொல் இருக்கிறது, அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் இருக்கிறது. இந்த நான்கும் வருகிற பத்தி இரண்டு மூன்று இருந்தால் போதும், "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை.

நான்காவது, மன்னிப்பு. ஒரே ஒன்று, இருவருக்கும் தெரிந்த ஒன்று. காரணம் சொல்லி நீட்டாதீர்கள். காரணம் நீண்டால் மன்னிப்பு வழக்காடலாக மாறும்.

ஐந்தாவது, விடுதலை. பலருக்கு எழுதக் கூசும் இடம் இது, ஆனால் மனைவிக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான். அவர் வேலைக்குப் போகலாம், மேலே படிக்கலாம், பிறந்த வீட்டுக்கு அருகில் குடியிருக்கலாம், பூவும் பொட்டும் வைத்துக்கொள்ளலாம், மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளலாம். எதெல்லாம் உங்களுக்குச் சம்மதம் என்பதை வெளிப்படையாக, ஒவ்வொன்றும் ஒரு வரியில் எழுதுங்கள். "நீ கட்டாயம் மறுமணம் செய்" என்று உத்தரவு போடாதீர்கள். "நீ விரும்பினால் எனக்கு முழுச் சம்மதம், அப்பா அம்மாவுக்கும் இதை எழுதியிருக்கிறேன்" என்பது சரியான வாக்கியம். ஊர் வாயை அடைக்க அவர் கையில் உங்கள் எழுத்து இருக்கும். மறுமணத்தால் ஓய்வூதியம் என்ன ஆகும் என்பதைக் கடிதத்தில் கணக்குப் போடாதீர்கள். விதிகள் மாறும், நல அலுவலகத்தில் கேட்கச் சொல்லிக் கணக்குத் தாளில் குறியுங்கள்.

கடைசி, முடிவு வரி. பெரிய வசனம் வேண்டாம். தினமும் போனை வைக்கும் முன் என்ன சொல்வீர்களோ அதையே எழுதிக் கையெழுத்திடுங்கள். "சரி, வைக்கட்டா" என்பதுகூடப் போதும்.

8. எழுதக் கூடாதவை

பதில் கேட்க முடியாத கடிதம் இது. அதனால், படித்ததும் ஒரு கேள்வியைக் கிளப்பும் எதையும் இதில் வைக்காதீர்கள். பழைய காதல், மறைத்த கடன், தம்பிமேல் ஒரு சந்தேகம் இவற்றை எழுதித் தீர்த்துக்கொண்டால் உங்கள் பாரம் இறங்கும். ஆனால் அவர் யாரிடம் கேட்பார்? சொல்ல வேண்டியதென்றால் லீவிலேயே முகம் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் விடுங்கள்.

சத்தியம் வாங்காதீர்கள். "இந்த வீட்டை எக்காரணம் கொண்டும் விற்காதே", "மகனை ராணுவத்தில்தான் சேர்க்க வேண்டும்", "அம்மாவை விட்டுப் போகாதே" எல்லாம் சத்தியங்களே. பத்து வருடம் கழித்து மகளின் படிப்புக்கு வீட்டை விற்பதே சரி என்றாலும், இறந்தவர் சொல்லைத் தாண்ட அவருக்கு மனம் வராது. "நான் இருந்தால் இப்படிச் செய்திருப்பேன், உனக்கு எது சரியோ அதைச் செய்" என்று எழுதினால் உங்கள் எண்ணமும் தெரியும், அவர் கையும் கட்டப்படாது.

எங்கே போகிறோம், எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்த வழி என்பவற்றில் ஒரு சொல்கூட வரக்கூடாது. யூனிட்டின் ரகசியம் மட்டுமல்ல, கூட இருப்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

மேலதிகாரியைப் பற்றிய குறை, அரசியல் பேச்சு இரண்டும் வேண்டாம். கடிதம் வெளியே போனால் குடும்பம்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

9. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோருக்குத் தனியாக ஒரு பக்கம். மனைவியின் கடிதத்திலேயே "அம்மாவுக்குச் சொல்" என்று எழுதினால், மனைவி அதை அவர்களிடம் காட்ட வேண்டிவரும். அவருக்கென்று எழுதிய கடிதம் பொதுவாகிவிடும். அந்த ஒரு பக்கத்தில் நாமினேஷன் எப்படிப் போட்டிருக்கிறேன், ஏன் அப்படி என்பதையும், மருமகளின் முடிவுகளுக்கு என் சம்மதம் உண்டு என்பதையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம். எந்த வயதில் கொடுப்பது என்று உறைமேல் எழுதாதீர்கள். அதை அம்மா முடிவு செய்யட்டும். புத்திமதி குறைவாகவும், அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்பது அதிகமாகவும் இருக்கட்டும். மூன்று வயதில் தான் என்ன சொல்லிச் சிரித்தோம், எதைக் கண்டு பயந்தோம் என்பது அப்பா எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும்.

10. மூன்றாம் நாள்: நல்ல பிரதி, உறை, ஈரம்

வரைவை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடமெல்லாம் நீங்கள் பேசாத தமிழ், மாற்றுங்கள். நல்ல பிரதி எழுதியதும் ஒவ்வொரு தாளிலும் பக்க எண், முதல் தாளில் தேதி, கடைசியில் கையெழுத்து. வரைவையும் குறிப்பையும் எரித்துவிடுங்கள். வரைவு தலையணைக்கடியில் கிடந்து, லீவு முடியும் முன்பே மனைவி படித்துவிடும் வீடுகள் உண்டு.

உறை போடும் நாளில் மழை பெய்தால், தாள்களைச் சூடான அறையில் ஒரு இரவு பிரித்து வைத்துவிட்டு மறுநாள் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பைக்குள் மூடினால் பூஞ்சை உள்ளேயே வளரும். முதலில் காகித உறை. அதன்மேல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. இரண்டுக்கும் நடுவே சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

ஸ்டேப்ளர் பின், குண்டூசி எதுவும் குத்தாதீர்கள். ஒரே மழைக்காலத்தில் துரு தாளைத் தின்றுவிடும். செல்லோடேப் மஞ்சளாகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்: ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்க முடியாது, உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது. பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பனிக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும்.

11. யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுக்கச் சொல்வது

உங்கள் ட்ரங்க் பெட்டியில் வைக்காதீர்கள். வீரர் இறந்தால் அவருடைய உடைமைகளைக் கமிட்டி ஒன்று பட்டியலிட்டுத்தான் குடும்பத்துக்கு அனுப்பும். அதற்கென 1950-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. முறையான ஏற்பாடுதான், ஆனால் அந்தரங்கக் கடிதமும் பட்டியலில் ஒரு பொருளாகி, மற்றவற்றோடு தாமதமாகத்தான் வந்து சேரும். சட்டைப் பையில் வைத்துக் களத்துக்கு எடுத்துப்போவதும் வேண்டாம். மழையும் தீயும் தாளை விடாது. எதிரி கையில் சிக்கினால் உங்கள் மனைவி பெயரும் அவர்களுக்குத் தெரியும்.

ஊரில் ஒருவரிடம் கொடுங்கள். அண்ணன், மாமா, ஓய்வுபெற்று வந்த மூத்த வீரர் என யாராகவும் இருக்கலாம். பணவிஷயத்தில் உங்கள் குடும்பத்தோடு தொடர்பில்லாதவர் என்றால் இன்னும் நல்லது. அவரிடம் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள், உறைமேலும் எழுதுங்கள்:

யூனிட்டோ ரெக்கார்டு ஆபீஸோ முறையாக உறுதி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும். டிவி செய்தி, வாட்ஸ்அப் தகவல் பார்த்துக் கொடுக்கக் கூடாது. "காணவில்லை" என்ற தகவல் வந்தால் கொடுக்கவே கூடாது. காணாமல் போனவர்கள் திரும்பி வந்ததுண்டு.

உடல் வீட்டுக்கு வரும் அன்று வேண்டாம். அன்றைக்கு வீட்டில் கூட்டமும் கேமராவும் இருக்கும், யாராவது உறையை வாங்கி உரக்கப் படித்துவிடுவார்கள். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, மனைவி கையில் மட்டும், பிரிக்காமல் கொடுக்க வேண்டும். அவர் உடனே படிக்காமல் எடுத்து வைத்தால் அது அவர் விருப்பம்.

இப்படி ஒரு உறை இருக்கிறது என்பது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். காப்பவர் ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கே ஏதாவது ஆனாலோ உறை அநாதையாகக் கிடக்கும்.

12. லீவில் திரும்பியதும்

உறையை நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறைக்கும் அதுவே இருக்கட்டும் என்று விடாதீர்கள். இடையில் ஒரு குழந்தை பிறந்திருக்கும், அப்பா தவறியிருக்கலாம், ஒரு சண்டை சமாதானமாகியிருக்கும். இரண்டாவது மகளின் பெயரே இல்லாத கடிதம் பிற்பாடு அவள் கையில் கிடைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினையுங்கள்.

பழையதை எரிப்பதும் மனைவியிடம் கொடுப்பதும் உங்கள் விருப்பம். கொடுக்கும் தைரியம் இருந்தால் கொடுங்கள். நன்றிப் பகுதியை உயிரோடு இருக்கும்போதே அவர் படிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. கணக்குத் தாளில் அடைத்த கடன்களை அடித்து, புதியவற்றைச் சேர்த்து, புதுத் தேதி போடுங்கள். அடுத்த மூவ் ஆர்டருக்கு முன் மறுபடியும் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.